புளித்த பேதி உப்பு

மருந்து இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் கடையைத் துடைத்துப் பளிச்சென்று வைத்துவிட்டு, அவர் படியிறங்கிப் போனதும் "அப்பாடா" என்று உட்காருகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். குறை சொல்ல வரவில்லை. நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். ஆனால் அவர் கடைக்குள் நிற்கும்போதே உங்கள் கையைவிட்டு ஒரு விபரீதம் வெளியே போயிருப்பது தெரிந்தால் என்ன செய்வீர்கள்? அவரிடம் சொல்வீர்களா, அவர் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பீர்களா? இதை எந்தப் பரீட்சையிலும் கேட்கமாட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி ஒரு சனிக்கிழமை பிற்பகல் வந்தது.

அது முப்பதுகளின் தொடக்கம். கல்மண்டபம் சாலையில் ஓர் இங்கிலீஷ் மருந்துக் கடையில் நான் கம்பவுண்டர். டாக்டர் சீட்டுக்கு மிக்சர் கலப்பதும் களிம்பு அரைப்பதும் விஷ அலமாரிச் சாவியை இடுப்பில் செருகி வைத்திருப்பதும் என் வேலை. என் மேசை மரத் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. முன்னால், கல்லாவில் முதலாளி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மளிகையில் தொடங்கி மருந்துக்கு மாறியவர். ராயபுரத்துக்கே அவர் அண்ணாச்சி. சீட்டில்லாமல் விற்கிற சரக்கையெல்லாம், பேதி உப்பு, விளக்கெண்ணெய், பல்பொடி எல்லாவற்றையும், அவர் கையாலேயே பொட்டலம் கட்டிக் கொடுப்பார். எந்த வீட்டில் யாருக்கு என்ன உபாதை என்பது அவருக்கு மனப்பாடம். நல்ல மனிதர். பயந்த மனிதரும்கூட.

மருந்துக்கென்று தனிச் சட்டம் அப்போது கிடையாது. விஷச் சரக்குக்கு ஒரு லைசென்சு, அபினுக்கும் ஸ்பிரிட்டுக்கும் வேறு லைசென்சு. பூட்டிய அலமாரியில் ஒரு குந்துமணி எடை குறைந்தாலும் கேள்வி உண்டு. பூட்டாத பீப்பாயில் என்ன இருக்கிறது என்று கேட்க ஆள் இல்லை.

இந்த லைசென்சுகளைச் சோதிக்க எங்கள் பக்கத்துக்கு வந்த இன்ஸ்பெக்டர் ஒல்லியாக, தொப்பி வைத்துக்கொண்டு, சைக்கிளில் வருவார். கடையில் காப்பி குடிக்கமாட்டார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். கஞ்சிமாவுக்குப் பக்கத்தில் பாஷாணத்தை வைத்திருந்ததற்காகத் திருவொற்றியூரில் ஒரு கடையை இழுத்துப் பூட்டியவர். சைக்கிள் மணி கேட்டாலே அண்ணாச்சியின் சட்டைக் காலர் நனைந்துவிடும்.

சனிக்கிழமை ஆலைகளில் கூலி நாள். ஞாயிறு விடுமுறை. பேதிக்குச் சாப்பிடுகிறவர்கள் சனிக்கிழமை உப்பு வாங்கிப்போய் ஞாயிறு விடியலில் வெறும் வயிற்றில் குடிப்பார்கள். இது வடசென்னை முழுக்க வழக்கம். அன்றும் மதியத்துக்கு மேல் கல்லாவில் கூட்டம். நான் பின்னால் ஒரு குழந்தைக்கு இருமல் மருந்து கலந்துகொண்டிருந்தேன். கூட்டம் கலைந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் வந்தார். நேராகத் தடுப்புக்குள் வந்து சாவியை வாங்கி, அலமாரியைத் திறந்து, குப்பிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு எடுத்துப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

அப்போதுதான் கன்னியம்மா வந்தாள். மீன் விற்கிறவள், எங்களுக்குப் பழக்கமான வாடிக்கை. அவள் குரலுக்குத் தடுப்பெல்லாம் ஒரு மறைப்பே இல்லை.

"இன்னா அண்ணாச்சி, பேதி உப்புன்னு குட்த்தியே, புளிக்குது. எங்கூட்டுக்காரு நாளைக்குக் கடலுக்குப் போவணும்னு இப்பவே வாயில வெச்சாரு. வெச்சவுடனே துப்பிட்டாரு. இன்னாத்தக் கட்டிக் குட்த்தே?"

பேதி உப்பு கசக்கும். குமட்டும். எந்தக் காலத்திலும் புளிக்காது.

நான் முன்னால் வந்து அவள் கையிலிருந்த மிச்சத்தை வாங்கினேன். ஊசி ஊசியாக, வெள்ளை வெளேரென்று, பார்வைக்கு அசல் பேதி உப்பு. ஒரு மணியை நாக்கு நுனியில் வைத்துத் துப்பினேன். பற்கள் கூசின. சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டேன். நுரைத்துப் பொங்கியது. பேதி உப்பு அப்படிப் பொங்காது. பித்தளை துலக்கவும் துணியில் மைக்கறை எடுக்கவும் ஒரு புளிப்பு உப்பு உண்டு, ஆக்சாலிக் என்பார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரிக்க முடியாது. பேதிக்குக் குடிக்கிற அளவில் அதைக் குடித்தால் ஆள் பிழைப்பது அரிது.

அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் என் காதருகே வந்து மெல்லச் சொன்னார். துறைமுகத்தில் கப்பலில் நனைந்த சரக்கை ஏலம் விட்டார்களாம். மேலே ஒட்டிய பெயர்ச்சீட்டு அழிந்துபோன இரண்டு பீப்பாய்களைப் பேதி உப்பு என்று தரகர் சொல்ல, இவரும் எடுத்து மச்சில் போட்டிருக்கிறார். டப்பா தீர்ந்ததும் அன்று மதியம்தான் ஒன்றை உடைத்துக் கொட்டினாராம். எனக்கு இது எதுவும் தெரியாது.

"இவர் போயிரட்டும்" என்றார் அண்ணாச்சி. "எல்லாரும் நாளை விடியலிலதான குடிப்பாவ? நேரமிருக்கு. இவர் போனதும் நாம ரெண்டு பேருமே போயி வாங்கிட்டு வந்துரலாம்."

இதைக் கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை. கணக்கும் தப்பில்லை. விடியும்வரை நேரம் இருந்தது. லைசென்சு போனால் கடை போகும், கடையை நம்பி ஊரில் ஒரு பெரிய குடும்பம். இன்ஸ்பெக்டர் இன்னும் இரண்டு தட்டுக் குப்பிகளைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கன்னியம்மாவின் புருஷன் விடியலுக்குக் காத்திருக்கவில்லையே. இன்னொருவன் காத்திருப்பான் என்பதற்கு என்ன நிச்சயம்?

நான் யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் பொய். தடுப்புக்குள் போய், "சார், பேதி உப்புக்குப் பதிலா விஷம் வெளியே போயிருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கையிலிருந்த குப்பியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடமே கொடுத்தார். பிறகு அண்ணாச்சியின் முன்னால் வந்து நின்றார். அண்ணாச்சி இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"லைசென்சு விஷயம் திங்கட்கிழமை" என்றார் இன்ஸ்பெக்டர். "இப்போ அதைப் பத்தி நீங்களும் பேசாதீங்க, நானும் பேசலை. யார் யாருக்குக் கொடுத்தீங்க? கண்ணை மூடிக்கிட்டு நிதானமா சொல்லுங்க."

அண்ணாச்சி உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டார். அவர் வாய் திறந்திருக்காவிட்டால் எங்களால் ஒரு வீட்டையும் கண்டுபிடித்திருக்க முடியாது. முகங்களெல்லாம் அவருக்குள்தான் இருந்தன. ஒவ்வொன்றாக வந்தன. மீன் ஏலம் விடுகிற கிழவர். டிராம் கண்டக்டர் வீட்டம்மா. வியாசர்பாடியிலிருந்து வருகிற ஆலைத் தொழிலாளி. பழைய வண்ணாரப்பேட்டைத் தையற்காரர். சொல்லிக்கொண்டே வந்தவர் திடுக்கென்று கண்ணைத் திறந்தார்.

"அப்பல்சாமி. துறைமுகத்துல கரி சுமக்கிற தெலுங்கு ஆளு. நாளைக்கும் கப்பல் இருக்கு, இன்னைக்கே குடிச்சிரலாமான்னு கேட்டான். குடின்னு சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் தம் சைக்கிளை என் கையில் கொடுத்தார். கடையில் இந்த விஷத்துக்கு மாற்றான சீமைச்சுண்ணாம்புத் தூள் இருக்க வேண்டிய டப்பாவைத் திறந்தேன். பல்பொடிக்குக் கலந்து கலந்து அடியில் இரண்டு கரண்டிதான் மிச்சம். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறி மிதித்தேன்.

கரிக்காரர்களின் குடிசைகள் துறைமுகக் கிடங்குச் சுவரை ஒட்டி வரிசையாக இருந்தன. அப்பல்சாமியைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு குடிசை வாசலில் கூட்டம். அவன் மண்ணில் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். வாயோரம் வெந்து வெளுத்திருந்தது. ஒருவன் அவன் தலையைத் தூக்கிப் பிடித்திருக்க, இன்னொருவன் லோட்டாவை வாயருகே கொண்டுபோனான். லோட்டாவில் சோடா உப்புக் கரைத்த தண்ணீர். வயிற்றெரிச்சலுக்கு நாம் எல்லோரும் கொடுப்பதுதான். நான் அதைத் தட்டிவிட்டேன். அவன் என்னை அடிக்க வந்தான். அடித்திருந்தாலும் அவன்மேல் தப்பில்லை. இந்த விஷத்தின் புளிப்பைச் சோடா அடக்கும், விஷத்தை அடக்காது. வயிற்றுக்குள்ளேயே அதைப் பிடித்துக் கட்டிப்போடச் சுண்ணாம்பு சேர்ந்தது ஏதாவது வேண்டும். இதையெல்லாம் அங்கே நின்று எப்படி விளக்குவது? "நான் மருந்துக் கடை ஆள்" என்று மட்டும் சொன்னேன். அந்த நேரத்தில் அது அவ்வளவு நல்ல அறிமுகம் அல்ல.

என்னிடமிருந்த தூளைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். பாதியை வாந்தி எடுத்துவிட்டான். இன்னும் வேண்டும். கடைக்குத் திரும்பிப் போனாலும் டப்பா காலி. வெற்றிலைச் சுண்ணாம்பு எல்லார் இடுப்பிலும் இருந்தது, ஆனால் வெந்த வாயில் அந்தக் காரத்தை அப்படியே வைக்க எனக்குத் துணிவில்லை. நிமிர்ந்தேன். எதிரில் கிடங்குச் சுவர், வருஷா வருஷம் வெள்ளையடித்துத் தோல் தோலாக உரிந்துகொண்டிருந்தது. அது காற்றுப்பட்டுக் காரம் போன சுண்ணாம்பு.

"சுவத்தைச் சுரண்டுங்க" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நானே ஒரு மண்வாரியை எடுத்துச் சுரண்டினேன். என்னை அடிக்க வந்தவன்தான் முதலில் கூட வந்தான். பிறகு நாலைந்து பேர். கிடங்குக் காவல்காரன் ஓடிவந்தான். சர்க்கார் சுவர், கேஸ் போடுவேன் என்றான். அதற்குள் ஒரு பெண் முந்தானையைச் சுவரடியில் விரித்து உதிர்வதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்தான், கீழே கிடந்தவனைப் பார்த்தான், பிறகு போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தான்.

பொடித்து, துணியில் சலித்து, பால்போலக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். வாந்தி எடுத்தான், மறுபடி புகட்டினோம். ஒரு ஜட்கா வண்டி கிடைத்தது. அதில் போகும்போதும் என்னை அடிக்க வந்த அந்த முரடன் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "குடிரா மாமு, குடிச்சிக்கினே இரு" என்று லோட்டாவைச் சாய்த்துக்கொண்டே வந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் என்ன விஷம், என்ன கொடுத்தோம் என்று சொன்னேன். அவர் என் கையிலும் சட்டையிலும் அப்பியிருந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோகச் சொன்னார். அப்பல்சாமி பிழைத்தான். வெகுநாள் நீர் பிரியாமல் அவதிப்பட்டான். பழையபடி கரிக்கூடை தூக்க அவனுக்கு ஆகவேயில்லை. கிடங்கு வாசலில் காவலுக்குச் சேர்ந்தான். பிழைத்தான் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் ராயபுரத்துக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. இதற்குள் இன்ஸ்பெக்டர் வீடு வீடாகப் போயிருக்கிறார். தொப்பியையும் கோட்டையும் கண்டவுடன் கதவுகள் சாத்திக்கொண்டனவாம். சாராயச் சோதனை என்று நினைத்துவிட்டார்கள். அவர் இரண்டையும் கழற்றிக் கடையில் எறிந்துவிட்டு, கன்னியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு கதவுகள் திறந்தன. அவள் போட்ட சத்தத்தில் திறக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆலைத் தொழிலாளி மட்டும் பொட்டலத்தைத் தரமாட்டேன் என்றானாம். வாங்கின சரக்கை எதற்குத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டானாம். இன்ஸ்பெக்டர் அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, "நீ கொடுக்கிற வரைக்கும் நான் எழுந்திருக்கப் போறதில்லை" என்று சொல்லியிருக்கிறார். கடைசியில் அவன் பெண்டாட்டி எடுத்துவந்து கொடுத்தாள்.

கல்மண்டபம் முனையில் தண்டோரா சத்தம் கேட்டது. முன்னால் பறையடிக்கிறவர். அவருக்குப் பின்னால் அண்ணாச்சி. அறிவிப்பை அவரே சொன்னார். தெருத் தெருவாகத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"எங்கடை பேதி உப்ப யாரும் குடிச்சிராதிய. அது விஷம். எங்கிட்ட வாங்கினது. குடிச்சிராதிய."

பயந்த மனிதர் என்று முன்னால் சொன்னேன். அதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. அவர் அன்று பயந்துகொண்டேதான் நடந்தார். வாசலில் நின்ற சிலர் அவரை வசைபாடினார்கள். ஒருவர் காறித் துப்பினார். அவர் அடுத்த தெருவுக்குப் போனார்.

விளக்கு வைத்த பிறகு கடையில் கூடிப் பொட்டலங்களைச் சரிபார்த்தோம். அண்ணாச்சிக்கு நினைவிருந்த எல்லாம் வந்துவிட்டன, ஒன்று தவிர.

"ஒரு பொம்பள. புதுசு" என்றார். "கூட்டமா இருந்துச்சு, முகத்தப் பாக்கல. முந்தானையில முடிஞ்சிக்கிட்டு வடக்க போனா. வேற ஒண்ணுந் தெரியல."

வடக்கே என்றால் காசிமேடு இருக்கிறது, தண்டையார்பேட்டை இருக்கிறது, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் ஜனம் இருக்கிறது. தண்டோராக்காரரை அந்தப் பக்கம் திருப்பினோம். விடிவதற்குள் எத்தனை காதில் விழுந்திருக்கும்?

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். தொப்பியும் கோட்டும் போட்டிருந்தார். பீப்பாய்களை வண்டியில் ஏற்றினார். கடையைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார். சனிக்கிழமை எங்களோடு தெருத் தெருவாக அலைந்தவர், மனசு வைத்து விட்டுவிடுவார் என்று உள்ளூர நம்பியிருந்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்று அண்ணாச்சி ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கடை பூட்டிக் கிடந்த வாரங்களில் எனக்கு வேலையும் இல்லை, தூக்கமும் இல்லை. எங்காவது சாவு மேளம் கேட்டால் எழுந்து போய்விடுவேன். யார், என்ன வியாதி என்று விசாரிப்பேன். காய்ச்சல் என்றோ பிரசவம் என்றோ சொன்னால் மூச்சு வரும். ஒரு வீட்டில் துக்கத்தைக் கேட்டு மனம் லேசாகித் திரும்புகிறவனாக ஆகிவிட்டேனே என்று வெட்கமாக இருக்கும். இருந்தாலும் அடுத்த மேளத்துக்கும் போவேன்.

தம்பிமார்களே, தங்கைமார்களே, அந்தப் பொட்டலம் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்தப் பெண் தண்டோராவைக் கேட்டுச் சாக்கடையில் கொட்டியிருக்கலாம். வாயில் வைத்துத் துப்பியிருக்கலாம். நமக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் நாம் செய்தது சரியா என்று ஒருவரும் வந்து சொல்லமாட்டார்கள். அந்த விடை இல்லாமலே மறுநாள் கடை திறக்கப் பழகிக்கொள்ளுங்கள். சரக்கு எங்கிருந்து வந்தாலும், யார் சத்தியம் செய்தாலும், சோதித்துப் பார்க்காமல் ஒரு டப்பாவில்கூடக் கொட்டாதீர்கள். இதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். ஆனால் என் மனம் இதில் நிற்கவில்லை, வேறோர் இடத்துக்குப் போகிறது.

கடை பூட்டியிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் திருவொற்றியூரில் ஒரு தெருவில் அந்தப் பெண்ணைப் பற்றி விசாரித்துக்கொண்டு போனேன். குழாயடியில் சில பெண்கள். அவர்களிடம் வேட்டி கட்டிய ஓர் ஒல்லி மனிதர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். கிட்டத்தில் போன பிறகுதான் அடையாளம் தெரிந்தது. இன்ஸ்பெக்டர். தொப்பி இல்லாமல் அவர் தலை பாதி நரைத்திருந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "கிடைச்சுதா?"

"இல்லை சார்."

அவர் தலையசைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "கடையைத்தான் பூட்டிட்டீங்களே, உங்க வேலை முடிஞ்சுதே. நீங்க எதுக்கு சார் அலையறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அதில் கோபமும் இருந்தது.

"பூட்டறதுக்கு எனக்கு உத்தரவு இருக்கு" என்றார். "இதுக்கு யார்கிட்ட உத்தரவு வாங்கறது?"

தெரு நீளமாகக் கடலைப் பார்த்துப் போயிற்று. இரண்டு சாரியிலும் ஓட்டு வீடுகள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க இந்தச் சாரியைப் பாருங்க, நான் அந்தச் சாரியைப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தார். எதிர்ப் பக்கத்தில் அவர் முதல் கதவைத் தட்டுவது கேட்டது. நானும் தட்டினேன்.